பேச்சி பேசாத காலாண்டு

டி. கல்லுப்பட்டி,
12 ஜூன் 2024

'பேச்சி' மென்பொருளின் பராமரிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கணினித் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் தங்கள் பேச்சியை எங்கள் பள்ளியின் கணினிக் கூடத்தில் இரண்டு வருடமாகப் பயன்படுத்தி வருகிறோம். இருபது கணினிகள், எல்லாமே லினக்ஸ் இயங்குதளம். கோடை விடுமுறையில் அவற்றில் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளி திறந்த நாளிலிருந்து பேச்சி வாயைத் திறக்கவில்லை.

சோதித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. பழைய லினக்ஸில் எந்த விசையை அழுத்தினாலும் அது பேச்சியின் காதில் விழும். புதிய திரை அமைப்பில், ஒரு நிரலுக்குள் அழுத்தும் விசையை இன்னொரு நிரல் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் திருடனோடு சேர்த்துப் பேச்சியையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். முறையாக அனுமதி கேட்டு உள்ளே போக ஒரு வழி இருக்கிறது. பேச்சிக்கு அந்த வழி தெரியவில்லை.

இந்தக் கணினிகளில் நாங்களாக எதையும் நிறுவ முடியாது. தங்களின் அதிகாரபூர்வ வெளியீடு மட்டுமே தானாக வந்து சேரும். ஆகவே தாங்கள்தான் திருத்தித் தர வேண்டும். காலாண்டுத் தேர்வுக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சமீனா பேகம்,
கணினிப் பயிற்றுநர்

பின்குறிப்பு: உச்சரிப்பு விதிகள் கோப்பில் 212-வது வரியில், "இந்த ழ-வைத் தொடாதே, பேச்சிக்குக் கோபம் வரும்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதை எழுதியது யாரென்று தங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?


நாகமலை புதுக்கோட்டை,
13 ஜூன் 2024

அடியே சமீனா,

212-வது வரியைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். வீட்டுக்குள் நாலு சுற்று சுற்றினேன். "என்னடி, பாம்பு எதையும் பாத்தியா?" என்று என் வீட்டுக்காரர் டோனி கேட்டார். அந்த வரியை வேறு யார் எழுதியிருக்க முடியும்? ஹாஸ்டலில் நமக்குச் சமைத்துப் போட்ட பேச்சியம்மா 'வாளப்பளம்' என்று சொல்ல, நாம் சிரிக்க, அவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வர... அவர் பெயரை நிரலுக்கு வைத்தவளும் நீதானே!

ஒன்பது வருடம். போன் நம்பர் மாறிவிட்டது. உங்கள் காஜிமார் தெரு வீட்டுக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டாவது தடவை கதவைத் திறந்தது வேறு குடும்பம். "அலீம் பாய் வீட்டாளுக காலி பண்ணிப் போயிட்டாகளேம்மா" என்றார்கள். எங்கே என்று அவர்களுக்கும் தெரியவில்லை. நீ என்னிடம் எதற்கோ கோபித்துக்கொண்டு போய்விட்டாய் என்று ஒரு வருடம் நினைத்திருந்தேன்.

என் கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து கம்பெனி மாறிவிட்டேன். இப்போது பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தே வேலை. டோனிக்கு வங்கியில் வேலை, பொறுமைசாலி. நான் ஒரே இடத்தில் உட்கார மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் மட்டும் என் மடிக்கணினியில் ஏழு வகை லினக்ஸ் மாற்றியிருக்கிறேன். ஒன்றில் எழுத்து அழகாக இல்லை, ஒன்றில் ஜன்னலை மூடும் பொத்தான் எனக்குப் பிடிக்காத பக்கத்தில். ஏதாவது ஒரு சாக்கு.

கம்பெனியில் நாங்கள் செய்வதை டெஸ்க்டாப் மென்பொருள் என்று விற்கிறார்கள். உள்ளே திறந்து பார்த்தால் ஒரு பிரவுசரைத்தான் துணி சுற்றி உட்கார வைத்திருக்கிறோம். பத்து வரிப் பட்டியலைக் காட்ட அது தின்னும் நினைவகத்தில் நம் காலேஜ் லேப் முழுக்க ஓடியிருக்கும். இணையம் போனால் பட்டியலும் போச்சு. நம் மேசையில் இருக்கும் கணினி, நம் மின்சாரம், நம் கோப்பு. அதைத் திறக்க எங்கோ இருக்கிற ஒரு சர்வரிடம் கை கட்டி நிற்க வேண்டுமா?

சரி, லினக்ஸாவது ஒழுங்கா என்றால், இங்கே வேறு வியாதி. எவனுக்கும் பழசைப் பழுது பார்க்கப் பொறுமை இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். கட்டி முடிப்பதற்குள் அடுத்த ஆள் கடப்பாரையோடு வந்து நிற்கிறான். இருபது வருடத்துக்கு முன் விண்டோஸுக்கு எழுதிய நிரல் இன்றைக்கும் ஏதோ ஒரு கடையில் பில் போடுகிறது. நாம் எழுதிய பேச்சி பத்து வருடத்தில் நாலு தடவை செத்துப் பிழைத்துவிட்டாள். அப்படியும் எனக்கு லினக்ஸை விட மனசு வரவில்லை. மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விடுகிற வீடு இது ஒன்றுதான்.

பேச்சியைச் சரிசெய்வது இரண்டு வார வேலை. செய்துவிடுகிறேன். உன் பள்ளியில் கண் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? உன் நம்பரை அனுப்பு. இப்போதே உன் குரலைக் கேட்க வேண்டும்.

ஜெஸி


டி. கல்லுப்பட்டி,
19 ஜூன் 2024

அன்பு ஜெஸிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கேட்டேன். நீ எழுதினாலும் பேசுகிற மாதிரியேதான் இருக்கிறது, மூச்சே விடுவதில்லை.

என் பள்ளியில் பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல கண். கண் தெரியாதது எனக்குத்தான்.

கடைசி வருடம் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடினோமே, அப்போது திரையை வாசிக்கும் நிரல் செய்யலாம் என்று நான் சொன்னதும் நீ, "இதுக்கெல்லாம் யாருடி யூசர்?" என்று கேட்டாய். நான் சிரித்து மழுப்பினேன். அதற்கு ஒரு மாதம் முன்பு டாக்டர் என் அத்தாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, முப்பது வயதுக்குள் முழுதாகப் போய்விடும், மருந்து கிடையாது. அவர் சொன்னதைவிட இரண்டு வருடம் முன்னாலேயே போய்விட்டது.

உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. எனக்கு நிச்சயம் செய்திருந்த இடத்தில் விஷயம் தெரிந்து விலகிக்கொண்டார்கள். தெருவில் ஆளாளுக்கு வந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். அம்மா வெளியே தலைகாட்டவே கூசினார். மகபூப்பாளையத்துக்கு வீடு மாற்றினோம். யாருக்கும் நம்பர் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். பார்த்துப் பழகியவர்கள் முன்னால் தட்டுத்தடுமாறி நிற்கப் பயமாக இருந்தது. பிறகு வெள்ளைக்கோல் பழகினேன், கணினியைக் காதால் பழகினேன், பரீட்சை எழுதினேன், இங்கே வேலை கிடைத்தது. வார நாட்களில் பள்ளிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கல். சனிக்கிழமை பஸ் ஏறி வீடு.

நீ டெஸ்க்டாப்பைப் பற்றி எழுதியிருந்ததை ரசித்தேன். எழுத்து அழகு, பொத்தான் எந்தப் பக்கம் என்பதெல்லாம் எனக்குக் கிடையாது. எனக்கு டெஸ்க்டாப் என்பது பெயர்களின் வரிசை. கோப்பு, திருத்து, சேமி என்று ஒவ்வொன்றாகக் காதில் விழும். நிரல் எழுதியவர் ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க மறந்தால், பேச்சி வெறுமனே "பொத்தான்" என்கிறாள். உங்கள் பெங்களூர் மென்பொருள் ஒன்றில், "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று ஒன்பது தடவை சொன்னாள். ஒன்பதும் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அழகாக இருந்திருக்கும்.

போன் வேண்டாம் ஜெஸி. குரலைக் கேட்டால் நீ அழுவாய். எழுத்தாக இருந்தால் நடுவில் நிறுத்தி யோசிக்கலாம்.

இரண்டு வாரம் என்றாய். காத்திருக்கிறேன்.

சமீனா


நாகமலை புதுக்கோட்டை,
2 ஜூலை 2024

சமீனா,

உன் கடிதத்துக்கு ஏழு தடவை பதில் எழுதி அழித்துவிட்டேன். எதை எழுதினாலும் அசட்டுத்தனமாக இருக்கிறது. பரிதாபப்பட்டால் உனக்குப் பிடிக்காது. அதனால் வேலையைப் பற்றிப் பேசுகிறேன்.

பேச்சியின் உள்ளே போய்ப் பார்த்தேன். குப்பை. உன் விதிகளைச் சொல்லவில்லை, அவை தங்கம். அதைச் சுற்றி நான் ஒன்பது வருடமாக ஒட்டுப் போட்டுவைத்திருப்பதைச் சொல்கிறேன். நீ சொன்ன அனுமதி வழியை இதில் நுழைத்தால் இன்னொரு ஒட்டு. அடுத்த பதிப்பில் அதுவும் கிழியும். உனக்கு நான் ஒட்டுத் துணியையா தருவேன்?

அதனால் முடிவு செய்துவிட்டேன். பேச்சியை அடியிலிருந்து புதிதாக எழுதப்போகிறேன். புது நிரல்மொழி, புதுக் கட்டமைப்பு, இன்னும் இயல்பான குரல். பெயரில்லாத பொத்தானைக்கூட அவளே பார்த்து ஊகித்துச் சொல்வாள். நேற்று நாகமலை அடிவாரத்தில் நடந்துகொண்டே முழுத் திட்டத்தையும் மனசுக்குள் போட்டுவிட்டேன். வீடு வந்து சேர்ந்ததும் உட்கார்ந்து ஐந்நூறு வரி எழுதினேன். பல வருடம் கழித்து இப்படி ஒரு வேகம் வந்திருக்கிறது. ஆகஸ்டில் உன் கையில் இருக்கும்.

ஜெஸி


டி. கல்லுப்பட்டி,
11 ஜூலை 2024

அன்பு ஜெஸிக்கு,

நீ வேகமாக இருப்பது சந்தோஷம். ஆனால் பழசைப் பழுது பார்க்கப் பொறுமை இல்லாதவர்களைப் பற்றி, கடப்பாரையோடு வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒருத்தி ஜூன் மாதம் எழுதியிருந்தாள். அவளைக் கண்டால் விசாரித்ததாகச் சொல்.

எனக்கு ஊகித்துச் சொல்லும் பேச்சி வேண்டாம். ஏப்ரல் மாதம் பேசிக்கொண்டிருந்தாளே, அவள் போதும்.

என் சொந்த மடிக்கணினியில் புதிய லினக்ஸைப் போட்டு, திருத்தத்தை நானே எழுதிப் பார்த்துவிட்டேன். பதினான்கு வரி. ஓடுகிறது. இத்துடன் இணைத்திருக்கிறேன். நீ அதைப் படித்துப் பார்த்து, பழைய பேச்சியோடு சேர்த்து வெளியிட்டால் மட்டும் போதும். வெளியிடும் உரிமை உன்னிடம்தானே இருக்கிறது.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று தலைமையாசிரியை சிஸ்டர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. "டீச்சர், நீங்க நல்லாத்தான் நடத்துறீக. ஆனா மெசினே பேசலைன்னா பிள்ளைக என்ன செய்யுதுன்னு நீங்க எப்பிடிப் பாப்பீக? ரெண்டு பெத்தவங்க வந்து கேட்டுட்டாக. காலாண்டு வரைக்கும் பாப்போம். இல்லேன்னா நீங்க லைப்ரரிய பாத்துக்கங்க, லேபுக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்றார்.

இப்போது எப்படி நடத்துகிறேன் தெரியுமா? பிள்ளைகளையே திரையைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். இருபது பேரும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். சந்தைக் கடை தோற்றது.

பதினான்கு வரி, ஜெஸி.

சமீனா


நாகமலை புதுக்கோட்டை,
18 ஆகஸ்ட் 2024

அன்புச் சமீனா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஆடிக் காற்றில் இங்கே மின்சாரம் போய்ப் போய் வந்தது. கம்பெனியில் ஒரு வெளியீடு. அதெல்லாம் சாக்கு என்று நீ சொல்வாய், சொல்லு.

உன் பதினான்கு வரியைப் படித்தேன். அழகாக இருக்கிறது, நீ எப்போதும் எழுதுவது போல. ஆனால் அது எந்தக் கோப்புக்கு எழுதப்பட்டதோ அந்தக் கோப்பே புதிய பேச்சியில் இல்லை. புதியவள் பாதிக்கு மேல் வளர்ந்துவிட்டாள். மூன்றாவது வாரம் வேறு மொழிக்கு மாற வேண்டியதாயிற்று, முதலில் எடுத்த மொழியில் ஒலி திக்கியது. இப்போது திக்கவில்லை. "வணக்கம்" என்று சொன்னபோது டோனி சமையலறையிலிருந்து "யாரு வந்துருக்கா?" என்று கேட்டார். அம்புட்டு இயல்பு!

அதே டோனிதான் நேற்று இன்னொன்றும் சொன்னார். "உன் ஃப்ரெண்டு ஓட்டை விழுந்த குடத்தை அடைச்சுக் குடுன்னு கேக்குது. நீ கிணறு வெட்டிக்கிட்டு இருக்க." சண்டை போட்டேன். பிறகு யோசித்தேன். பிறகு மறுபடி உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் நிச்சயம். சிஸ்டரிடம் சொல்லிவை.

ஜெஸி


டி. கல்லுப்பட்டி,
5 செப்டம்பர் 2024

ஜெஸி,

இன்று ஆசிரியர் தினம். பிள்ளைகள் எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். கொடுத்த பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

ஒன்று கேட்க வேண்டும். இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன், இந்தக் கூடத்தில் முதல் நாள், கணினியில் ஒரு குரல் "உள்நுழைக" என்றது. நம் 'ழ'. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நாம் செய்தது பிழைத்திருக்கிறது, எங்கோ கிடந்து என்னைத் தேடி வந்துவிட்டது என்று தோன்றியது. மெனுவில் 'இந்த நிரல் பற்றி' என்ற இடத்துக்குப் போனேன். பேச்சியே வாசித்தாள்: "உருவாக்கியவர், ஜெஸி லூர்துராஜ்." அடுத்த வரிக்குக் காத்திருந்தேன். அடுத்த வரி "மூடு" என்ற பொத்தான்.

நான் காணாமல் போனவள். என்னிடம் கேட்க உனக்கு வழி இல்லை. ஒன்பது வருடமாக நீதான் அவளைச் சோறு போட்டு வளர்த்தாய். அதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஜூன் மாதமே என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். இன்று காலையும் திறந்து கேட்டேன். ஒரு பெயர்தான்.

புதிய பேச்சியில் என் விதிகள் இருக்குமா? இருந்தால் யார் எழுதியதாக இருக்கும்?

காலாண்டுத் தேர்வுக்கு முன், செப்டம்பர் 16-க்குள் பழைய பேச்சியோடு அந்தப் பதினான்கு வரியைச் சேர்த்து வெளியிடு. நான் உன்னிடம் கேட்பது இது ஒன்றுதான்.

சமீனா


நாகமலை புதுக்கோட்டை,
3 அக்டோபர் 2024

சமீனா,

தேதி தாண்டி பதினேழு நாள் ஆகிவிட்டது. நான் செத்துப்போகவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீ எனக்கு நல்ல காரணம் எதையும் தேடித் தர வேண்டாம்.

நீ எழுதிய அன்றைக்கே பழைய பேச்சியைத் திறந்தேன். உன் வரிகளைச் சேர்த்தேன். ஓடியது. பத்து நிமிட வேலை. வெளியிடுவதற்கு முன் 'பற்றி' கோப்பில் உன் பெயரைச் சேர்க்கப் போனேன். சேர்த்தால், ஒன்பது வருடம் ஏன் இல்லை என்று கேட்பார்கள். முதல் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததே பேச்சியைக் காட்டித்தான். "தமிழ் உச்சரிப்பு விதிகளை நீங்களே எழுதினீர்களா?" என்று நேர்காணலில் கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஒரு வார்த்தை. அப்போது நீ எங்கே என்று தெரியாது, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்கப்புறம் அந்த ஆமாம் என்னோடே கம்பெனி கம்பெனியாக வந்தது. கோயம்புத்தூரில் மேடையில் நின்று வாங்கிய பரிசின்மேலும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது.

பெயரைச் சேர்க்காமல் வெளியிடவும் முடியவில்லை, சேர்த்து வெளியிடவும் முடியவில்லை. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டேன். மறுநாள் புதிய பேச்சியை எழுதப் போய்விட்டேன். இப்போது புரிகிறது, ஜூலையிலும் அதையேதான் செய்தேன். உன் கண் போன செய்தி வந்ததும் பழைய வீட்டை இடிக்கக் கிளம்பியது அதனால்தான். புதிதாகக் கட்டினால் அதில் உன் சுவர் எதுவும் இருக்காதல்லவா? லினக்ஸ்காரர்களைத் திட்டினேனே, அவர்களில் எத்தனை பேர் இப்படி எதிலிருந்து ஓடுகிறார்களோ தெரியாது.

செப்டம்பர் 29 அன்று வெளியிட்டுவிட்டேன். உன் பதினான்கு வரியோடு. 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் உன் பெயர். 'பராமரிப்பு' என்ற இடத்தில் என் பெயர். பேச்சியின் இணையப் பக்கத்தில் நடந்ததையும் எழுதிப் போட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள். என் மேனேஜர் "இதெல்லாம் எதுக்குப் பொதுவுல?" என்று கேட்டார்.

சிஸ்டர் என்ன சொன்னார்? எழுது. திட்டியாவது எழுது.

ஜெஸி


டி. கல்லுப்பட்டி,
10 அக்டோபர் 2024

ஜெஸி,

வெளியீடு வந்து சேர்ந்தது. இருபது கணினியும் பேசுகின்றன என்று அழகுபாண்டி சார் சொன்னார். அவர்தான் புதிய கணினிப் பயிற்றுநர். போன மாதம் 23-ஆம் தேதியிலிருந்து நான் நூலகத்தில் இருக்கிறேன். நூலகத்துக்குக் கணினி கிடையாது. சிஸ்டரிடம் மறுபடி கேட்டேன். "மாத்துனது மாத்துனதுதான் டீச்சர், அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

உண்மையை எழுதியதற்கு நன்றி. ஆனால் அது வந்த தேதியும் எனக்கு மறக்காது. கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

சமீனா


நாகமலை புதுக்கோட்டை,
14 நவம்பர் 2024

சமீனாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஐந்து வாரம் இருந்தேன். இதற்கு மேல் முடியவில்லை. ஒன்றைச் செய்துவிட்டேன், அதை நீ என் வாயால் கேட்க வேண்டும்.

முந்தாநாள் லீவு போட்டுவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். திருமங்கலம் தாண்டுகிற வரைக்கும் எதற்குப் போகிறேன் என்று தெளிவே இல்லை. கல்லுப்பட்டியில் இறங்கி உன் பள்ளிக்குப் போனேன். சிஸ்டரைப் பார்த்தேன். இருபது கணினியும் பேசுகின்றனவே, அதை எழுதியது உங்கள் சமீனா டீச்சர்தான், பேசாமல் போனதற்குக் காரணம் நான், அவர் ஜூலையிலேயே சரிசெய்துவிட்டார், நான் வெளியிடவில்லை என்று சொன்னேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இத ஏன் டீச்சர் எங்கிட்டச் சொல்லல?" என்றார். "சொன்னாலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்" என்று சொல்லிவிட்டேன். அது எனக்குத் தேவையில்லாத வாய். அவர் கோபப்படவில்லை. "யோசிக்கிறேன்" என்றார்.

நூலகம் எந்தப் பக்கம் என்று கேட்டு வந்தேன். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பிரெய்ல் சீட்டு குத்திக்கொண்டிருந்தாய். முடியை வெட்டிவிட்டாய். முகம் அப்படியே இருக்கிறது. வாசலிலேயே நின்றுவிட்டேன். அழுகை வந்தது, நீ கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். பத்து நிமிடம் இருக்கும். அப்படியே திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டேன்.

இத்துடன் பேச்சியின் எல்லாச் சாவிகளும் இருக்கின்றன: வெளியிடும் உரிமை, இணையப் பக்கத்தின் கடவுச்சொல், மின்னஞ்சல் முகவரி. இனி நான் உள்ளே வர வேண்டுமென்றால் நீ அனுமதிக்க வேண்டும். புதிய பேச்சியை நிறுத்திவிட்டேன். அழிக்கவா என்று தெரியவில்லை. லினக்ஸை மாற்றவில்லை, நாற்பது நாளாக ஒன்றிலேயே இருக்கிறேன். டோனி காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிறார்.

நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

ஜெஸி


டி. கல்லுப்பட்டி,
8 டிசம்பர் 2024

ஜெஸி,

உன் கடிதத்தை மூன்று தடவை கேட்டேன்.

சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னால் ஏறாதது மதுரையிலிருந்து ஒரு மேடம் வந்து சொன்னால் ஏறுகிறது. ஆனால் அழகுபாண்டி சார் நீ வருவதற்கு முன்னாலேயே நூலகத்துக்கு வந்து, "டீச்சர், ஒன்பதாங்கிளாஸுக்கு நிரல் எழுதுறது எனக்கு ஓடல. நீங்க சொல்லிக் குடுங்க, நான் பக்கத்துல நின்னு ஸ்கிரீனப் பாத்துக்கிறேன்" என்று கேட்டிருந்தார். இப்போது வாரம் நான்கு பீரியட் சேர்ந்து நடத்துகிறோம். முழு வேலை திரும்பக் கிடைக்குமா என்று ஜூனில்தான் தெரியும். கிடைக்காமலும் போகலாம்.

சாவிகளை வாங்கிக்கொண்டேன். மூன்று பிழை திருத்தி ஒரு வெளியீடும் செய்துவிட்டேன். பேரையூரில் இருந்து பாண்டிமீனா என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். தாலுகா அலுவலகத்தில் வேலை, கண் என்னைப் போலத்தான். "அக்கா, பேச்சி மூச்சு விடாமப் பேசுது, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லுங்க" என்றாள். நிறுத்தற்குறி விதிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரமாக அதே வேலை. இதற்கு முன் எனக்கு இவ்வளவு நன்றாகத் தூக்கம் வந்ததில்லை. உன் புதியவளை அழிக்காதே. அவள் குரலைப் பழையவளுக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன். உனக்கு உள்ளே வர அனுமதி கொடுத்திருக்கிறேன். ஆனால் எந்த வரியை மாற்றினாலும் நான் பார்த்த பிறகுதான் சேரும்.

இனி, என்னால் தாண்டிப் போக முடியாத விஷயம்.

வாசலில் பத்து நிமிடம் நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்து நிமிடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எனக்குள் முணுமுணுத்திருக்கலாம், முகத்தைச் சுளித்திருக்கலாம், காலைத் தூக்கி நாற்காலியில் வைத்திருக்கலாம். யாரும் இல்லை என்று இருந்தேன். நீ இருந்திருக்கிறாய். என் முடியைப் பார்த்தாய், முகத்தைப் பார்த்தாய், அழுதாய், அந்தச் சத்தமும் எனக்கு வராமல் பொத்திக்கொண்டாய். ஒன்பது வருடம் என் பெயர் இல்லாமல் இருந்தது எனக்கு வலித்தது. ஆனால் அது பழகிப்போன வலி. இது புதிது. ஒரு வாரம் நூலகத்தில் வாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இப்போது யார் நிற்கிறார்களோ என்று. உனக்கு இது தோன்றியிருக்காது. அதனால்தான் சொல்கிறேன்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. தீரவில்லை. ஆனால் உன்னைத் தவிர இதை யாரிடமும் நான் இப்படி எழுத மாட்டேன் என்பதும் எழுதும்போதுதான் தெரிகிறது.

21-ஆம் தேதி சனிக்கிழமை மகபூப்பாளையம் வீட்டில் இருப்பேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அந்தச் சேட்டக்காரப் பிள்ளையா? வரச் சொல்லு" என்றார். மாடி வீடு, பச்சைக் கேட், பள்ளிவாசலுக்கு அடுத்த சந்து. டோனியையும் கூட்டிக்கொண்டு வா.

படியில் கால் வைக்கும்போதே, "சமீனா, நான் ஜெஸி வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஏறு.

சமீனா